தீவுக்குப் போறீங்களா? தொடாம வாங்க!

முன்பெல்லாம் கல்யாணம் ஆன ஜோடி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவார்கள். இப்போது மாலத்தீவு! புது ஜோடிகள் மட்டுமில்லை. அறுபதாம் கல்யாணம் முடித்த அப்பா அம்மாவுக்கு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் டிக்கெட் எடுத்து அனுப்பி வைக்கிறார்கள். 'நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வாங்கப்பா!'

போவதற்கு முன் சிலர் என்னிடம் ஆலோசனைக்கு வருவார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர், அங்கே சாப்பாடு ஒத்துக்குமா?"

நான் திருப்பிக் கேட்பது வேறு. "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா, அந்தத் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க?"

பயமுறுத்த இப்படிக் கேட்பதில்லை. தனித் தீவில் தங்குவது மனசுக்கும் உடம்புக்கும் அருமையான ஓய்வு. ஆனால் அந்தத் தனிமைக்கு ஒரு விலை உண்டு. ஹோட்டல் பில்லில் அது வராது. அதைத் தெரிந்துகொண்டு போனால் சந்தோஷமாகத் திரும்பலாம்.

போகிற இடம் எப்படிப்பட்டது?

மாலத்தீவு என்பது சுமார் 1,200 குட்டித் தீவுகளின் கூட்டம். இந்தத் தீவுகள் மாலை கோத்தாற்போல வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. இப்படி ஒரு வளையத்துக்குப் பெயர் 'அடோல்'. உலகம் முழுக்கப் புழங்கும் இந்தச் சொல், மாலத்தீவு மக்கள் பேசும் திவேஹி மொழியிலிருந்துதான் போனது. வளையத்தின் விளிம்பு பவளப்பாறை. உள்ளே ஆழம் குறைந்த அமைதியான நீர். வெளியே ஆழ்கடல். இடையிடையே கடல் நீர் உள்ளே வெளியே போய்வரக் கால்வாய்கள்.

இவற்றில் 'பா அடோல்' என்ற வளையத்தை யுனெஸ்கோ 2011-ம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இங்கே இருக்கும் ஹனிஃபாரு என்ற சின்ன விரிகுடாவில், தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் நவம்பர் வரை ஒரு அதிசயம் நடக்கும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை இந்த விரிகுடாவுக்குள் தள்ளிக் குவித்துவிடும். அந்த விருந்தைச் சாப்பிட ஆனைத்திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வரும். சில சமயம் திமிங்கலச் சுறாவும் வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டுமே மனிதனைக் கடிப்பதில்லை. ஆனைத்திருக்கைக்கு வாலில் விஷ முள்ளும் கிடையாது.

இந்த வளையத்தில் மக்கள் வாழும் தீவுகள் 13. மற்றவற்றில் சில, சொகுசு விடுதிகளாக இருக்கின்றன. ஒரு தீவுக்கு ஒரு விடுதிதான். பக்கத்து வீடு கிடையாது, மருந்துக்கடை கிடையாது, ஆட்டோவும் கிடையாது!

கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்

மாலே விமான நிலையத்திலிருந்து பா அடோலுக்குக் கடல் விமானத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீலத்தில் இத்தனை நிறமா என்று வாய் பிளப்பீர்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சூரியன் மறைந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். அதன் பிறகு அவசரம் என்றால் படகுதான். பா அடோலின் தலைநகரான எய்தஃபுஷியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. தரவந்தூ தீவில் 2012 முதல் சிறிய விமான நிலையமும் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மாலேக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்டு 1995-ல் திறக்கப்பட்டது.

ஆகவே முன்பணம் கட்டுமுன் விடுதிக்கு நாலு கேள்வி எழுதிக் கேளுங்கள்.

தீவிலேயே தங்கும் டாக்டர் இருக்கிறாரா?
ஆக்சிஜனும், நின்ற இதயத்தை இயக்கும் கருவியும் இருக்கின்றனவா?
ராத்திரியில் நோயாளியை எங்கே, எதில் கொண்டு போவீர்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?
அந்தச் செலவு யாருடையது?

கடைசிக் கேள்விக்காகவே பயணக் காப்பீடு எடுங்கள். அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவையும் அது ஏற்கிறதா என்று படித்துப் பார்த்து எடுங்கள். விடுதிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல விடுதிகளில் பதில் தயாராகவே இருக்கும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு தீவு பாருங்கள்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள், பிரசவத் தேதி நெருங்கியவர்கள் தனித் தீவைத் தள்ளிப் போடுவதே நல்லது. கடல் எங்கும் போய்விடாது!

மருந்துப் பை: கையிலேயே இருக்கட்டும்

கடல் விமானத்தில் பெரிய பெட்டி சில சமயம் அடுத்த நடையில்தான் வரும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இன்சுலினையும் பெட்டியில் போட்டுவிட்டுக் கை வீசி நடக்காதீர்கள். கைப்பையில் வையுங்கள். நாலு நாளுக்குப் போகிறவர்கள் எட்டு நாள் மருந்து எடுத்துப் போங்கள். மழையிலும் காற்றிலும் விமானம் தள்ளிப் போவது அங்கே சகஜம்.

சித்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெள்ளைத் தாளில் மடித்த பற்பம், செந்தூரப் பொட்டலங்களை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். பெயர் இல்லாத பொடியைப் பார்த்தால் எந்த ஊர் சுங்க அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். லேபிள் ஒட்டிய டப்பாவில், மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். மாலத்தீவுக்குள் மது கொண்டு போகத் தடை. நம் அரிஷ்டங்களில் நொதித்தலால் இயற்கையாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. எதற்கு வம்பு? அரிஷ்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் சூரணமோ மாத்திரையோ கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றுக்கும் சீட்டு கட்டாயம் வேண்டும்.

வெயிலும் உப்புக் காற்றும்

நெய்தல் நிலத்தில் வாதம் கூடும் என்பது சித்த மருத்துவத்தின் கருத்து. மூட்டு வலிக்காரர்கள் இதை அனுபவத்தில் உணர்வார்கள். ஏ.சி. அறையின் குளிரும் ஈர உடையும் சேர்ந்தால் பிடிப்பு இன்னும் கூடும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, உலர்ந்த துணி உடுத்துங்கள். பாதி உபத்திரவம் குறையும்.

வெயில் விஷயம் இதைவிட முக்கியம். பா அடோல் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரியில்தான் இருக்கிறது. வெண்மணலும் நீரும் வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. நீரில் குப்புற மிதந்து மீன் பார்க்கும்போது குளுகுளுவென்று இருக்கும். ஆனால் முதுகும் கெண்டைக்காலும் மேலே வெந்துகொண்டிருக்கும்! ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். "நாங்க கறுப்புதானே, எங்களுக்கு என்ன?" என்பவர்களுக்கும் தோல் உரியும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் வெயில் தாக்காது என்று நினைக்காதீர்கள். அது போதாது. முழுக்கைச் சட்டையோடு நீரில் இறங்குவதே முதல் தரமான பாதுகாப்பு. முகத்துக்கும் கழுத்துக்கும் துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பு பூசுங்கள். ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த களிம்புகள் பவள உயிர்களுக்குக் கெடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வாங்கும்போது பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

லேசாகத் தோல் சிவந்தால் குளிர்ந்த நீர் ஒத்தடம், சோற்றுக்கற்றாழைச் சோறு போதும். கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். வெயில் சுட்ட உடம்போடு விடுதியின் எண்ணெய் மசாஜுக்குப் போய்ப் படுக்கவே படுக்காதீர்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். இளநீர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரின் பொட்டாசியம் ஆகாது. ஜாக்கிரதை!

பவளம் கல் இல்லை

பலர் பவளப்பாறையைப் பாறை என்றே நினைக்கிறார்கள். அது உயிர். கோடிக்கணக்கான சிறு உயிரினங்கள் கட்டிய சுண்ணாம்புக் குடியிருப்பு. பந்து போலத் திரண்டு வளரும் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. நீங்கள் ஒரு நிமிஷம் ஏறி நின்று உடைப்பது, உங்கள் வயசைவிட மூத்ததாக இருக்கலாம். 1998-லும் 2016-லும் கடல் நீர் சூடேறி, மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. பிழைத்தவை மெல்ல மெல்லத் தேறும்போது நம் காலும் சேர்ந்து மிதிக்க வேண்டுமா?

'இது சுற்றுச்சூழல் பாடமாச்சே, வைத்தியர் ஏன் சொல்கிறார்?' என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. பவளத்தின் விளிம்பு ரம்பம் போன்றது. அது கிழித்த காயத்தில் சுண்ணாம்புத் துணுக்கும், பவளத்தின் சதையும், கடல் கிருமியும் சேர்ந்து தங்கிவிடும். மேலே ஆறிய மாதிரி தெரியும். உள்ளே புழுங்கும்.

என்னிடம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்துவந்த ஒருவர். அறுபத்து மூன்று வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. தீவில் செருப்பில்லாமல் நடந்தபோது பவளத் துணுக்கு காலில் கிழித்திருக்கிறது. கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. ராத்திரி படுக்கையில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். 'சின்னக் கீறல்தானே, எல்லார் சந்தோஷத்தையும் எதுக்குக் கெடுக்கணும்' என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காப்பித் தூளை வைத்து அமுக்கிவிட்டு, மறுநாளும் கடலில் இறங்கியிருக்கிறார். ஊர் திரும்பி என்னிடம் வந்தபோது எட்டாவது நாள். பாதம் வீங்கி, சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஒரு விரல் போய்விட்டது.

முதல் ராத்திரியே சொல்லியிருந்தால்? விடுதியின் டாக்டர் பத்து நிமிஷத்தில் கழுவிக் கட்டியிருப்பார்.

பவளம் கிழித்தால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தெரிகிற துணுக்குகளைச் சிமிட்டாவால் எடுங்கள். கிருமிநாசினி போட்டுக் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பாருங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு, அடுக்களை மஞ்சள் தூள் எதையும் காயத்தில் அடைக்காதீர்கள். மஞ்சளின் பெருமை எனக்கும் தெரியும். ஆனால் டப்பாவில் கிடக்கும் தூள் சுத்தமானதல்ல. சர்க்கரைக்காரர்கள் எத்தனை சின்னக் கீறலானாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கொட்டும் உயிர்கள்

கடலில் எந்த உயிரும் உங்களைத் தேடி வந்து கொட்டுவதில்லை. மிதித்தால், பிடித்தால்தான் வினை.

கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், அழகாகச் சிறகு விரிக்கும் சிங்கமீன், மணலில் புதைந்திருக்கும் சாதாரணத் திருக்கை - இவற்றின் முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் உயிர் போகிற வலி வரும். வலிக்கும் இடத்தைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் 30 முதல் 90 நிமிஷம் வரை அமிழ்த்தி வையுங்கள். இந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். வெந்நீர் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அடிபட்டவருக்கு வலியில் சூடு தெரியாது. அதனால் இன்னொருவர் கை வைத்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். உடனே டாக்டருக்கும் சொல்லி அனுப்புங்கள். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிப் போய்விடும்.

சொறிமுட்டை பட்டால் கடல் நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். மணலால் தேய்க்காதீர்கள். சிறுநீர் விட்டால் சரியாகும் என்பது வெறும் கதை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அழகான கோலம் போட்ட கூம்பு வடிவச் சங்கு. குழந்தைகள் ஆசையாகப் பொறுக்கும். உள்ளே உயிர் இருந்தால் ஊசி போல் குத்தும். மூச்சே நின்றுபோகலாம். மாற்று மருந்து கிடையாது. 'காலிச் சங்குதானே' என்று கையில் எடுக்கவே வேண்டாம்.

சங்கு, பலகறை, பவளம் எல்லாம் நம் சித்த மருந்துச் சரக்குகள். நானே நோயாளிகளுக்குப் பலகறை பற்பம் கொடுக்கிறேன். ஒரு காலத்தில் மாலத்தீவுப் பலகறை வங்காளம் வரை போய்க் காசாகவே புழங்கியது. ஆனாலும் சொல்கிறேன்... அங்கே பொறுக்கி மருந்துக்கென்று கொண்டு வராதீர்கள். பவளத்தை எடுத்து வருவது அங்கே குற்றம். முறைப்படி சுத்தி செய்யாத சரக்கு மருந்தும் ஆகாது.

நீரில் இறங்குமுன்

மூச்சுக்குழாய் வைத்து மிதப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் அப்படி மிதக்கும்போதே மூழ்கி இறந்துபோன சுற்றுலாப் பயணிகள் உண்டு. முதல் நாள் இடுப்பளவு நீரில் பழகுங்கள். தனியாகப் போகாதீர்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதவைச் சட்டை போடலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். கால்வாய் வாய்ப் பக்கம் நீர் இழுக்கும், போகாதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

சிலிண்டர் கட்டி ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு மாலத்தீவில் 30 மீட்டர்தான் எல்லை. (ஹனிஃபாருவில் சிலிண்டருக்கே 2012 முதல் தடை. மிதந்துதான் பார்க்க வேண்டும்.) ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சீக்கிரம் மேலே வந்தாலோ, உடனே விமானம் ஏறினாலோ, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம் வரை போகும். கடைசியாக மூழ்கியதற்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். 24 என்றால் இன்னும் நல்லது. கடல் விமானமும் விமானம்தான்!

சளி பிடித்திருந்தால் மூழ்காதீர்கள், காது கிழியும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் மூழ்கக் கூடாது. கர்ப்பிணிகள் கூடவே கூடாது. காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு இறங்குவதும் தப்பு.

படகில் குமட்டினால் புறப்படுவதற்கு அரை மணி முன் ஒரு துண்டு இஞ்சியைத் தேனில் தோய்த்து மென்று விழுங்குங்கள். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். ஆனைத்திருக்கை வருகிற மாதங்களில்தான் கடலும் கொந்தளிக்கும். ரெண்டுக்கும் தயாராகப் போங்கள்.

சாப்பாடு? கவலைப்படாதீர்கள்!

முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். அங்கே பிரதான மீன் சூரை. நம் ஊரில் மாசி என்று விற்கும் கருவாடும் இதே சூரைதான். காலையில் 'மாஸ் ஹுனி' என்று சூரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாலையில் படகில் தூண்டில் போடக் கூட்டிப் போவார்கள். பவளப்பாறையில் வாழும் பெரிய சீலா, பெரிய களவா சிக்கினால் சுட்டுத் தின்ன ஆசைப்படாதீர்கள். அவற்றின் உடம்பில் சில சமயம் சிகுவாட்டெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். வாசனை கிடையாது, ருசி மாறாது, வேகவைத்தாலும் போகாது. உதடு மதமதக்கும். குளிர்ந்தது சூடாகத் தெரியும். அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

மாலத்தீவில் மலேரியா இல்லை. 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. ஆனால் டெங்கு உண்டு. கொசுவர்த்தி வாசனை பிடிக்காதவர்கள், மாலையில் முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பையில் மறக்காதீர்கள்

தினசரி மருந்துகள், மருத்துவர் சீட்டு, பழைய இ.சி.ஜி. நகல்
உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து
கிருமிநாசினி, பஞ்சு, கட்டுத்துணி, சிமிட்டா
ரப்பர் அடி வைத்த நீர்க் காலணி
முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி
சுக்குத் தூள் அல்லது இஞ்சி மிட்டாய்

அந்தக் கடலில் உங்களுக்குச் சொல்லப்படும் சட்டங்கள் நிறைய. பவளத்தில் நிற்காதே, சங்கை எடுக்காதே, திருக்கையைத் தொடாதே, கிட்டப் போகாதே. பணம் கட்டிப் போன இடத்தில் இத்தனை 'ஆதே'யா என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். பவளத்தைக் காப்பதற்காகப் போட்ட சட்டங்கள் இவை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள், உங்கள் காலையும் கையையும் உயிரையும் சேர்த்தே காக்கின்றன. ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிற இடத்தில் இதைவிட நல்ல மருந்து வேறில்லை. கண்ணாரப் பாருங்கள், ஆசை தீர மிதந்து வாருங்கள். தொட மட்டும் வேண்டாம்!